மூக்கர் சாய்த்துப் பார்த்த டிரம்

அவருக்கு அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் அவர் மூக்கர்தான். கேட் வாட்ச்மேனுக்கு மூக்கர், கேன்டீன்காரருக்கு மூக்கர், கோபம் வந்தால் பெண்டாட்டிக்கே "இந்தா மூக்கரே". மூக்கு ஏதோ பெரிதாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். முகத்தை வரைந்து முடித்தபின் ஞாபகம் வந்து ஒப்புக்கு ஒட்டிவைத்த மாதிரி ஒரு சின்ன மூக்கு. ஆனால் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கம் முழுக்க அந்தச் சின்ன மூக்கை நம்பித்தான் நடந்தது.

மருந்துக்கு மூலப்பொருள் செய்கிற தொழிற்சாலை அது. முன்பக்கக் கட்டடங்களில் ஆள் இறங்கி நிற்கிற அளவுக்குப் பெரிய பாத்திரங்களில் எதையெதையோ கரைப்பார்கள், வடிப்பார்கள், கழுவுவார்கள். கழுவி அழுக்கான திரவமெல்லாம் நீலச் சாயம் அடித்த இரும்பு டிரம்களில் அடைபட்டுப் பின்பக்கம் வரும். அங்கே தகரக் கூரை போட்ட ஒரு முற்றம். பழைய யார்டு என்று பெயர். அசிட்டோன், டொலுயீன், எத்தில் அசிடேட், குளோரோஃபார்ம். எல்லாமே பார்வைக்குப் பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதனால் டிரம்மின் மேல் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி அனுப்புவார்கள். மூடி ஓரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வழிந்தால் போதும், எழுதின மை கரைந்து கோடாக இறங்கிவிடும். தன் பெயரைத் தானே நக்கித் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிற சரக்கு! இதை இத்தனை வருடமாக எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் சிரித்தார்கள், மறுபடியும் மார்க்கர் பேனாவே வாங்கினார்கள்.

பெயர் அழிந்த டிரம்மிலிருந்து கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பலாம். அங்கே உள்ள மெஷின் கச்சிதமாகச் சொல்லும். ஆனால் லேபில் எப்போதும் கூட்டம், பதில் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சூப்பர்வைசருக்குப் பொறுமை என்கிற உறுப்பே கிடையாது.

"மூக்கரைக் கூப்பிடு."

மூக்கர் வருவார். சின்ன மூடியைத் திருகித் திறப்பார். மூக்கை உள்ளே நுழைக்க மாட்டார், அதெல்லாம் கற்றுக்குட்டிகள் செய்கிற வேலை. உள்ளங்கையால் காற்றை லேசாகத் தன் பக்கம் விசிறிக்கொண்டு கண்ணை மூடுவார். "டொலுயீன். கொஞ்சம் தண்ணி கலந்திருக்கு." அவ்வளவுதான், டிரம் தன் கூட்டத்தோடு போய்ச் சேரும். லேபில் சரிபார்த்த தடவையெல்லாம் அவர் சொன்னதே இருந்தது. கொஞ்ச காலத்தில் சரிபார்ப்பதையும் விட்டுவிட்டார்கள்.

இதில் ஒன்றே ஒன்று மட்டும் விளையாட்டில்லை. கழிவு அசிட்டோன் போகிற பெரிய தொட்டியில் பாத்திரம் கழுவின காஸ்டிக் சோடாவும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். அதற்குள் குளோரோஃபார்ம் மட்டும் போகக்கூடாது. போனால் முதலில் ஒன்றுமே நடக்காது, நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். அப்புறம் தொட்டி சுடும். அப்புறம் சொல்லிக்கொள்ளாமல் பொங்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது இது. மூக்கர் தன் பெண்டாட்டியின் தம்பியை யார்டில் சேர்த்துவிட்டபோது அவனுக்கும் தோளைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்.

அந்தத் தம்பியை மூக்கர் "மச்சான்" என்று கூப்பிடப்போய் யார்டு முழுக்க அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. சூப்பர்வைசர்கூட மைக்கில் "மச்சான், கேட்டுக்கு வா" என்பார். கல்யாணம் ஆகாத ஆள், முன்தலையில் நரை, அதை மறைக்கச் சாயம், சாயத்தை மறைக்கத் தொப்பி. சாப்பாடெல்லாம் அக்கா வீட்டில்தான்.

அந்த வீட்டில் இன்னொரு ஜீவன் உண்டு. மூக்கரின் மகள். பன்னிரண்டாம் வகுப்பு. சர்க்கரை டப்பாவில் உப்பு, மாமாவின் ஷூ கயிறு இரண்டையும் ஒன்றாக முடிச்சு, இதெல்லாம் அவளுக்குத் தினப்படி அலுவல். பள்ளிக்கூடத்தில் அவள் தூங்காத வகுப்பு ஒன்றே ஒன்று. அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவாள்.

"அப்பா, கரிம வேதியியல்னா என்ன சொல்லு?"

"கரியைப் பத்தின படிப்பா?" என்றார் மூக்கர், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்காமல்.

"கரி இல்லப்பா, கார்பன். பென்சில் முனையில இருக்கு, வைரத்துல இருக்கு, உன் தொப்பையில ஏகத்துக்கும் இருக்கு. அதுக்கு நாலு கை. யாரு கிடைச்சாலும் பிடிச்சுக்கும். தன் ஜாதி ஆளையே விடாது, சங்கிலியா நிக்கும், கிளை விடும், வளையமா சுத்தி உக்காரும். அப்படிக் கை கோத்துக் கோத்து உண்டான சரக்கு லட்சக்கணக்கா இருக்கு. அதையெல்லாம் பத்தின படிப்புதான் இது. சர்க்கரை, எண்ணெய், சோப்பு, ரப்பர், பெட்ரோல், மருந்து, மாமா தலைக்கு அடிக்கிற சாயம்..."

"என் சாயத்தை ஏண்டி இழுக்கிற?" என்றான் மச்சான்.

"முன்ன எல்லாம் உயிருள்ளதுதான் இதை உண்டாக்கும்னு நம்பினாங்களாம் மாமா. அதுக்குன்னு உள்ள ஒரு உயிர்ச்சக்தி வேணும்னு. அப்புறம் ஒருத்தர் உயிரே இல்லாத ஒரு உப்பைச் சுட வெச்சு யூரியா எடுத்துட்டாரு. அத்தோட அந்தக் கதை முடிஞ்சுது."

"யூரியான்னா?"

"மூத்திரத்துல இருக்குமே, அது."

"சோத்து முன்னாடி பேசுற பேச்சா இது?" என்று அம்மா கரண்டியை ஓங்கினாள்.

"இரும்மா, கூத்தே இனிமேதான். எத்தனை பேருங்கிறது முக்கியமில்ல, யாரு பக்கத்துல யாரு நிக்கிறாங்கிறதுதான். அப்பாவோட எத்தில் அசிடேட் இருக்குல்ல? நாலு கார்பன், எட்டு ஹைட்ரஜன், ரெண்டு ஆக்சிஜன். அதே ஆளுங்களை இடம் மாத்தி நிக்க வெச்சா பியூட்ரிக் அமிலம். கெட்டுப்போன வெண்ணெய் நாத்தம், வாந்தி நாத்தம்."

"எத்தில் அசிடேட் பழ வாசனையால்ல வரும்?" என்றார் மூக்கர்.

"அதான்! அண்ணன் பழம், தம்பி வாந்தி."

"அப்போ இத்தனை வருஷமா நான் பண்ணிட்டு இருக்கிறது கரிம வேதியியலா?"

"நீ எங்க பண்ணின? மோந்துட்டு இருந்த."

எல்லாரும் சிரித்தார்கள். மூக்கர் ஒரு விநாடி தாமதமாகச் சிரித்தார். பழ வாசனை என்று அவர் சொன்னது ஞாபகத்திலிருந்து. அந்த வாசனையை அவர் முகர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. ஒரு சளி வந்தது, போனது, போகும்போது எதையோ கூட்டிக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. முதலில் சோப்பு வாசனை போனது. அப்புறம் மழை. ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடே புகைந்தபோது அவர் பக்கத்து அறையில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "கண்ணுதான் பேப்பர்ல இருக்கு, மூக்கு எங்க போச்சு?" என்று பெண்டாட்டி சத்தம் போட்டாள். நாள் முழுக்க யார்டில் சுவாசித்த அத்தனையும் மெதுவாக உள்ளே போய் விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டிருந்தன. கடைசியாக அணைந்தது டொலுயீன். அதற்குப்பிறகு எந்த டிரம்மைத் திறந்தாலும் உள்ளே வெறும் காற்று.

மூக்கு இல்லாத மூக்கரை வைத்து யாருக்கு என்ன லாபம்? டிரம் கழுவுகிற கொட்டகைக்கு மாற்றுவார்கள், அதுவும் மனசிருந்தால். அதனால் அவர் வேறு வழி கண்டுபிடித்தார். குளோரோஃபார்ம் தண்ணீரைவிடக் கனம், அசிட்டோன் தண்ணீரைவிட லேசு. டிரம்மின் விளிம்பைப் பிடித்து லேசாகச் சாய்த்தால் தோள் சொல்லிவிடும். கொஞ்சமாக நிரம்பின டிரம் ஏமாற்றும், ஆகவே விரல் முட்டியால் தட்டி எந்த மட்டம்வரை சரக்கு இருக்கிறது என்று கேட்டுக்கொள்வார். எந்தக் கட்டடத்திலிருந்து வந்தது என்று தள்ளுவண்டிக்காரனிடம் பேச்சுவாக்கில் கறந்துகொள்வார். அப்புறம் கண்ணை மூடி, காற்றை விசிறி, பெயர் சொல்வார். சாய்ப்பதும் தட்டுவதும் மற்றவர்களுக்கு வித்தைக்காரனின் கைவீச்சு மாதிரி தெரிந்தது. அதையும் ரசித்தார்கள்.

மகளின் குறும்புதான் அவரைப் பிடித்தது. வகுப்பில் படித்த அந்த வாந்தித் தம்பியை அப்பாவுக்கு நேரில் அறிமுகப்படுத்த வேண்டும் என்று அவளுக்கு ஒரே ஆசை. வெண்ணெயை ஒரு குட்டி டப்பாவில் அடைத்து ஜன்னல் வெயிலில் நாள்கணக்காக வைத்தாள். திறந்து பார்த்து அவளே ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். பரம திருப்தி. ஒரு காலை, அப்பாவின் மஞ்சள் ஹெல்மெட்டுக்கு உள்பட்டையில் அதை நன்றாகத் தேய்த்து மாட்டிவைத்தாள்.

மூக்கர் ஹெல்மெட்டைத் தலையிலேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வழக்கமாகக் காலை வைக்க இடமிருக்காத பஸ்ஸில் அன்றைக்கு அவரைச் சுற்றி ஒரு மைதானம் உருவானது. ஜனங்கள் திருந்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். யார்டில் சூப்பர்வைசர் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு, "மூக்கரே, வயிறு சரியில்லன்னா லீவு போட்டிருக்கலாமே?" என்றார்.

"நல்லாத்தானே இருக்கேன் சார்."

"மாமா, உங்க தலையில ஏதோ செத்துக் கிடக்கு," என்றான் மச்சான். வழுக்கையைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து மூக்கர் அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

சாயங்காலம் மகள் கதவுக்குப் பின்னால் தயாராக நின்றாள், துரத்தினால் ஓட. அப்பா வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜைக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினார். நேர்கீழே உட்கார்ந்தார். "ஒரு காப்பி கொடும்மா" என்றார். அறை முழுக்க நாற்றம் குடலைப் பிடுங்கியது. அவர் காப்பியை ஊதி ஊதிக் குடித்தார். குடித்துவிட்டு, "ஆகா, என்ன வாசனை!" என்றார்.

மகளுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து, அங்கேயே செத்துப்போனது.

அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். வெளியே துணி காயப்போடுகிற இடத்துக்கு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"உனக்கு வாசனை தெரியலைல்ல?"

அவர் சட்டை மாட்டுகிற கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அம்மாகிட்டச் சொல்லாத," என்றார்.

"அப்போ டிரம்மை எல்லாம் எப்படிச் சொல்ற?"

சாய்ப்பது, தட்டுவது எல்லாம் சொன்னார், கொஞ்சம் பெருமையோடுகூட. அவள் கண்ணில் நீர் முட்டியது, கோபத்தில்.

"லூசாப்பா நீ? நசுங்கின டிரம், அடியில சேறு கட்டின டிரம் வந்தா? மாமா அங்கதானே நிக்கிறாரு? நாளைக்கே போய்ச் சொல்லிடு."

"சொல்றேன்மா. இந்த வாரம் நம்ம சரக்கு வாங்குற பெரிய கம்பெனிக்காரங்க பார்க்க வர்றாங்க. அவங்க போகட்டும்."

அவள் உள்ளே போய் ஒரு குட்டிக் கண்ணாடி புட்டி கொண்டுவந்தாள். பாதி தண்ணீர். "அதுவரைக்கும் இதைப் பையில வெச்சுக்கோ. டிரம்ல இருந்து ரெண்டு சொட்டு இதுல விடு. அசிட்டோன்னா கரைஞ்சு காணாமப் போயிடும். குளோரோஃபார்ம்னா கரையாது, கீழ போய் முத்து மாதிரி உக்காரும். அவ்வளவுதான். சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தார். அந்தப் புட்டியோடு சில நாள் போனது. ஆள் பார்க்காதபோது இரண்டு சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டார். எளிதாகத்தான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். இஸ்திரி கலையாத சட்டை, புத்தம்புது ஹெல்மெட், கையில் செல்போன். அன்றைக்குப் பார்த்து மின்சாரம் இல்லை. யார்டு மூலையில் ஜெனரேட்டர் காது கிழிய உறுமிக்கொண்டிருந்தது. பெயர் அழிந்த டிரம் ஒன்று நடுவில் நின்றது. சூப்பர்வைசர் கத்தினார்: "சார், எங்க லேபு மெஷினு அங்க முன்னாடி. இதோ, எங்க பழைய மெஷினு!"

எல்லாரும் சிரித்துச் செல்போனைத் தூக்கினார்கள். மூக்கர் மூடியைத் திறந்தார். காற்றை விசிறினார். கண்ணை மூடினார். வெறும் காற்று. டிரம்மைச் சாய்த்தார். தோளுக்கு லேசாக இருந்தது. மட்டம் பார்க்க முட்டியால் தட்டினார். ஜெனரேட்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தரம் தட்டினார்.

கை சட்டைப்பைக்குப் போனது. புட்டி இருந்தது, தொட்டார். கண்ணைத் திறந்தால் அத்தனை செல்போன்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. உலகத்தில் எந்த மூக்கர் தண்ணீர்ப் புட்டியை எடுத்துச் சோதனை செய்வார்? கை வெறுமனே திரும்பி வந்தது.

"அசிட்டோன்," என்றார்.

கைதட்டினார்கள். மச்சான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினான். எங்க மாமா என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லிக்கொண்டே டிரம்மில் பம்பு மாட்டினான்.

அது அரைகுறையாக நிரம்பின குளோரோஃபார்ம். அரைகுறைக் குளோரோஃபார்மும் டிரம் நிறைய அசிட்டோனும் தோளுக்கு ஒரே கனம்.

தொட்டி நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. விருந்தாளிகளோடு மூக்கரையும் கேன்டீனுக்குக் கூட்டிப்போனார்கள். ஒருவர் அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் மச்சான் தொட்டிச் சுவரில் கை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். அப்புறம் "எல்லாரும் வெளிய ஓடுங்கடா!" என்று கத்திக்கொண்டே, காற்றுப்போக்கி வால்வைத் திறக்க ஏணியில் ஏறினான். மற்றவர்கள் ஓடினார்கள். அவன் கை வால்வுக்கு எட்டுமுன் மூடி பிய்த்துக்கொண்டது.

மூக்கர் ஓடிவந்தபோது மச்சான் தண்ணீர்க் குழாயடியில் கிடந்தான். யாரோ அவன் முகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். சாயம் கரைந்து கழுத்தில் கறுப்பாக வழிந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டார்கள். தொண்டை வெந்துபோனதால் குழாய் வைத்தார்கள். ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். வேலையிடத்துக் காயம், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். பார்த்துக்கொள்ளவில்லை. தொழிற்சாலையில் பேச்சு வேறு மாதிரி போனது. மூக்கர் அசிட்டோன் என்று சொன்ன டிரம் அசிட்டோன்தான், அதற்குச் செல்போன் படமே சாட்சி. மச்சான்தான் விளையாட்டுப் புத்தியில் வேறு டிரம்மில் பம்பு மாட்டியிருக்கிறான். தப்பு அவனுடையது என்றால் வைத்தியமும் அவன் பாடு.

"என் தம்பி பல்லைக் காட்டுவானே தவிர வேலையில விளையாட மாட்டாங்க," என்று பெண்டாட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "உங்க பேச்சுக்கு அங்க மதிப்பு இருக்கு. நீங்க போய்ச் சொல்லுங்க."

மூக்கர் சொன்னார். தொழிற்சாலைக்குச் சொல்வதற்கு முன்னால் அவளுக்குச் சொன்னார், புட்டி வரைக்கும் எல்லாம். அவள் அழுகை பட்டென்று நின்றது. சட்டையைப் பிடித்திருந்த கையை விரல் விரலாக எடுத்துக்கொண்டாள். எழுந்துபோய்த் தம்பியின் அறைக் கதவுக்கு முதுகைச் சாய்த்து நின்றாள், அவரை உள்ளே விடாத மாதிரி.

விசாரணைக்கு மேனேஜர், சூப்பர்வைசர், லேப் அம்மா மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்டாட்டி ஆஸ்பத்திரியை விட்டு நகராததால் மகள்தான் துணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

"தப்பு என்னுதுதான் சார். எனக்கு வாசனையே தெரியாது. ரொம்ப நாளாவே."

மேனேஜர் பேனாவை வைத்தார். சூப்பர்வைசர் சிரித்தேவிட்டார். "மூக்கரே, மச்சான் மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காக மூக்கையே பலி குடுப்பீங்களா?"

"சத்தியமா சார். தோளாலதான் பார்த்தேன்."

"இந்த மூக்கு தப்பு பண்ணி நான் பார்த்ததே இல்ல. சும்மா இருங்க."

அவருடைய பெயரே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. லேப் அம்மா ஒரு பஞ்சில் எதையோ நனைத்து அவர் மூக்கருகே நீட்டினாள். மூக்கர் தலையைப் பின்னால் வெட்டி இழுத்தார். கண்ணில் நீர் கொட்டியது.

"அம்மோனியா. தெரியுது பாருங்க!" என்று சூப்பர்வைசர் மேஜையைத் தட்டினார்.

"அப்படிச் சொல்லிட முடியாது சார்," என்றாள் லேப் அம்மா தயங்கி. "அது எரிச்சல். வாசனை போனவங்களுக்கும் இது குத்தும். நான் வேற ஏதாவது கொண்டு வந்திருக்கணும்."

"வேற எதைக் கொண்டுவந்தாலும் தெரியலன்னுதானே சொல்வாரு? தெரியலன்னு யாரு வேணும்னாலும் சொல்லலாமே!"

மூக்கர் புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். யாருக்கும் அது என்ன என்று புரியவில்லை. அப்போதுதான் மகள் கேட்காமலே உள்ளே வந்தாள்.

"சார், ஒருநாள் அப்பா மேல பயங்கர நாத்தம் அடிச்சுதே, ஞாபகம் இருக்கா? நீங்ககூட கைக்குட்டை வெச்சுக்கிட்டீங்களாமே?"

சூப்பர்வைசர் முகம் மாறியது. அந்த நாளை யார்டில் யாரும் மறக்கவில்லை.

"அது நான்தான். வெண்ணெயைக் கெட்டுப்போக விட்டு ஹெல்மெட் உள்ள தேய்ச்சேன். விளையாட்டுக்கு. பியூட்ரிக் அமிலம், அந்த மேடத்துக்குத் தெரியும். அப்பா அதைத் தலையில போட்டுக்கிட்டு பஸ்ல வந்தாரு, இங்க நாள் முழுக்க நின்னாரு, வீட்டுக்கு வந்து அதுக்குக் கீழ உக்காந்து காப்பி குடிச்சாரு. அன்னைக்கு அவரு யாரையும் காப்பாத்த நடிக்கலை சார். மாமாவுக்கு அப்போ ஒண்ணும் ஆகலை." மேஜைமேலிருந்த புட்டியை எடுத்துக்கொண்டாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். நானும் யாருகிட்டயும் சொல்லல."

சூப்பர்வைசர் தன் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு, "ஆமா சார்," என்றார் மேனேஜரிடம். "நான்தான் லீவு போடச் சொன்னேன். அவரு நல்லாத்தானே இருக்கேன்னாரு."

மச்சான் பெயரிலிருந்த தப்பு நீங்கியது. வைத்தியத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மூக்கரை வீட்டுக்கு அனுப்பியது. சோதிக்காமல் மூக்கை நம்பி வேலை வாங்கினவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். யார்டில் இப்போது டிரம் கழுத்தில் கம்பி கட்டி, எழுத்து வெட்டின தகரத் துண்டைத் தொங்கவிடுகிறார்கள். எந்த அசிட்டோனும் அதை அழிக்காது. இத்தனை வருடமும் அதற்கு ஒரு ஆணியும் சுத்தியலும் போதுமாக இருந்தது.

வீட்டில் பெண்டாட்டி வேளைக்குச் சாப்பாடு வைத்தாள், பேசவில்லை. கோபம் வந்தால்கூட "மூக்கரே" என்று சொல்லவில்லை. அவரைக் கூப்பிட இப்போது அவளிடம் பெயரே இல்லை. மகள் ஒருத்தரையும் ஏமாற்றவில்லை. சர்க்கரை டப்பாவில் சர்க்கரைதான் இருந்தது. அது அந்த வீட்டில் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

மச்சானின் தொண்டைக் குழாயை எடுத்ததும் மூக்கர் போனார். அவன் கட்டுப்போட்ட முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பினான்.

"மாமா?" குரல் மணல்மேல் கல்லை இழுத்த மாதிரி வந்தது. "அக்கா சொன்னா. நீங்க ஒரு தடவை சொல்லுங்க. மோந்து பார்த்தீங்களா, இல்லையா?"

"இல்ல மச்சான். சாச்சுப் பார்த்தேன். பையில புட்டி இருந்துச்சு. எடுக்கல."

"ஏன்?"

"எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க."

மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அடுத்த தடவையும் பேசவில்லை. மூக்கர் போய்க்கொண்டுதான் இருந்தார். ஸ்டூலில் உட்காருவார், ஆரஞ்சுப் பழத்தைப் பக்கத்து மேஜையில் வைப்பார், நர்ஸ் கிளம்பச் சொன்னால் கிளம்புவார். இன்னொரு கண்ணும் திரும்பவில்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும் வந்து அப்படியே உட்கார்ந்தார். ஒரு பழத்தை உரித்துச் சுளையாக எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தவனின் கையில் வைத்தார்.

மச்சான் அதை மூக்கருகே கொண்டுபோனான். அப்படியே பிடித்திருந்தான்.

"மாமா."

"சொல்லு மச்சான்."

"இது அழுகிப்போச்சு. உள்ள ஊசின நாத்தம் வருது."

மூக்கர் மிச்சப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்வைக்கு நல்ல மஞ்சளாகத்தான் இருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தார், பழக்கதோஷம். வெறும் காற்று.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்போல," என்றார்.

மச்சான் சுளையைத் தடவித் தடவி மேஜையில் வைத்தான். விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டான். வெளியே மருந்து வண்டியின் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே போனது.

"அடுத்த தடவை," என்றான், சுவர்ப் பக்கம் முகத்தை வைத்தபடியே, "வாலைக் கூட்டிட்டுப் போங்க கடைக்கு. அவ மோந்து பார்த்து வாங்குவா."

வால் என்று அவன் மட்டும்தான் மகளைக் கூப்பிடுவான். மூக்கர் தலையாட்டினார். அப்புறம்தான் அது அவன் கண்ணுக்குத் தெரியாது என்று உறைத்தது.

"சரி மச்சான்," என்றார் வாய்விட்டு.